மல்லாட்டையும் லினக்ஸும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை எல்லாம் வராதுங்க அண்ணா" என்றேன். "கவிதை ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு. நீ போன செமஸ்டர்ல லேப்டாப்பை அழிச்சிட்டு முழிச்சியே, அந்தக் கதையை எழுது. நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். ஹாஸ்டலே சிரித்த கதை அது. இப்போது கல்லூரி முழுக்கச் சிரிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் கணினித் துறை மாணவன் அல்ல. லேத்தும் ஃபைலும் பிடிக்கிற இயந்திரவியல் மாணவன். எனவே பிழை இருந்தால் கணினித் துறை நண்பர்கள் பொறுத்தருள்க!

கணினி வந்த வழி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா அறுவடைக் காலத்தில் மல்லாட்டை உடைக்கப் போவார். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். அதனாலேயே எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அவரை ஊக்குநராக்கி விட்டார்கள்.

முதலாம் ஆண்டு முடிந்ததும் அந்தக் குழுவில் அம்மா 10,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். மாதம் ஆயிரம் வீதம் பத்துத் தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதில் 9,500 ரூபாய்க்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினோம். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதற்குக் கைம்மாறாகக் குழுவின் கணக்கை நான் அதில் ஏற்றித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். பழைய நோட்டில் இருந்ததையும் சேர்த்து ஏற்றினேன். 14 பெண்கள், மாதம் தலைக்கு 200 ரூபாய் சேமிப்பு.

ஏழாவது தவணை கட்டுகிற சமயத்தில் கணினி தள்ளாட ஆரம்பித்தது. பொத்தானை அழுத்திவிட்டு அம்மா உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வருவார். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். குற்றம் யார் மேலும் இல்லை. கணினிக்கு வயதாகிவிட்டது; புது மென்பொருளோ நாளுக்கு நாள் எடை கூடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும், விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. எங்களுடையது அந்தப் பட்டியலில் சேராத பழைய பிராசஸர். கடன் முடிவதற்குள் பொருளே முடிந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் கணினித் துறை மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர், "தூக்கிப் போடாதே. லினக்ஸ் போட்டுப் பார்" என்றார்.

இயங்குதளம் என்றால் என்ன?

நம் ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். நாற்பது மாணவர்கள், எட்டு லேத், ஒரே ஒரு ஷேப்பர். யார் எந்த மெஷினில் நிற்பது, யாருக்கு எத்தனை நேரம், ஸ்டோரிலிருந்து எந்தக் கருவியை யார் வாங்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் போர்மேன். அவர் இல்லாவிட்டால் ஒரே லேத்தில் மூன்று பேர் கை வைப்போம். கணினிக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். பிராசஸர் நேரத்தைப் பங்கு போடுவது, ராமில் இடம் ஒதுக்குவது, டிஸ்கில் கோப்புகளைக் காப்பது, விசைப்பலகை, திரை, பிரின்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது ஆகியவை அதன் கடமைகள்.

இதன் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் என்றால் பருப்பு. வெளியே நின்று நம் கட்டளையை வாங்கி உள்ளே சொல்லும் பகுதிக்கு ஷெல், அதாவது ஓடு. அண்ணன் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வாழ்நாளெல்லாம் உடைத்த மல்லாட்டைதானே இது! ஓட்டைத் தொடாமல் பருப்புக்குப் போக முடியாது. இந்த உவமை எனக்குப் புரிந்த அளவுக்கு எந்தப் பாடமும் புரிந்ததில்லை என்றால் அது மிகையாகாது.

சரியாகச் சொன்னால் லினக்ஸ் என்பது அந்தப் பருப்பு மட்டுமே. அதோடு ஷெல், மேசைத்திரை, உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தரும் மூட்டைக்கு வழங்கல் என்று பெயர். 1993-இல் தொடங்கிய டெபியன், 2004-இல் வந்த உபுண்டு, 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை புகழ் பெற்றவை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் என்ற வழங்கலை வெளியிட்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகளில் அதுவும் இருந்தது. உங்கள் வீட்டு அக்காவின் பழைய கணினியில் நீங்களே பார்த்திருக்கலாம்.

ஹெல்சிங்கியில் ஒரு மாணவர்

லினக்ஸை எழுதத் தொடங்கியவர் பெரிய நிறுவனத்து ஆள் அல்ல. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட மூன்று வயதுதான் மூத்தவர்! 1991 ஜனவரியில் ஒரு 386 கணினியைத் தவணை முறையில் வாங்கினார். (தவணை என்றதும் என் நெஞ்சில் ஒரு பாசம்.) பாடம் நடத்துவதற்காகப் பேராசிரியர் டனன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் போட்டுப் பழகினார். அதில் போதாததைத் தானே எழுதிப் பார்க்கத் தொடங்கினார். 1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள் அதை உலகுக்கு அறிவித்தார். செப்டம்பரில் வெளியான முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகள்தான். இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

அவர் தனியாளாக வென்றார் என்று எழுதினால் தவறு. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இலேயே குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். நாம் லேபில் சி நிரலை மாற்றப் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலர் அந்தத் திட்டத்தின் பிள்ளைதான். ஓடும் கருவிகளும் அங்கே தயார். பருப்பு இங்கே முளைத்தது. இரண்டும் சேர்ந்தன.

ஆங்கிலத்தில் ஃப்ரீ சாஃப்ட்வேர் என்றால் இனாம் என்று எண்ணிக் குழம்புகிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. நம்மவர்கள் அழகாகக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரும்பியபடி இயக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த நான்கும் உரிமம் தரும் உரிமைகள். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் கெர்னலும் லினக்ஸே. உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

அழிக்காமல் ஒரு வெள்ளோட்டம்

லினக்ஸில் எனக்கு முதலில் பிடித்தது, பழையதைத் தொடாமலேயே புதியதை ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். செய்முறை இதோ:

1. லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கினேன். ஏறக்குறைய 3 ஜிபி. குறைந்த ராமுக்கு ஏற்ற மேசைத்திரை இது. மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி டிஸ்கும் தேவை. 4 ஜிபி இருந்தால் நல்லது.

2. இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டோம். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டும்.

3. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற கருவியால் அதை ஏற்றினோம். வெறுமனே காப்பி பண்ணிப் போட்டால் வேலை செய்யாது. பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் போய்விடும்.

4. கணினியைத் தொடங்கும்போது எஃப்12 விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னோம். சில கணினிகளில் எஃப்2, எஃப்9, எஸ்கேப் என்று மாறும்.

ஒன்றிரண்டு நிமிடத்தில் பச்சை இலைச் சின்னத்தோடு புதுத் திரை! கணினி பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும்தான் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. பாட்டு கேட்டேன், எழுதிப் பார்த்தேன். வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சிப்புக்கான டிரைவர் தனியாகப் போட வேண்டும் என்றார் அண்ணன். அதுவரை போனை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இன்டர்நெட்டைப் பகிர்ந்துகொண்டேன். கிணற்றுக்குள் இறங்கும் முன் கயிற்றை இழுத்துப் பார்ப்பது போன்றது இந்த வெள்ளோட்டம். இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

நான் செய்த தவறு

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். "நாளைக்கு நான் வந்து பண்ணித் தர்றேன், கை வைக்காதே" என்று சொல்லித்தான் போனார். எனக்குப் பொறுமை இல்லை.

நிறுவும்போது ஒரு திரை வரும். பழைய இயங்குதளத்தோடு சேர்த்து நிறுவவா, டிஸ்கை அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும். பழையதை வைத்து என்ன பண்ணப் போகிறோம் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சி டிரைவில் இருந்த என் பாடக் குறிப்புகளை ஏற்கெனவே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். டி டிரைவை யோசிக்கவே இல்லை. அழிவது சி மட்டும்தான், டி அப்படியே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க் என்பது வீடு. சி, டி என்பவை அந்த வீட்டின் அறைகள். நான் அறையைப் பெருக்கச் சொல்லவில்லை. வீட்டையே இடிக்கச் சொல்லிவிட்டேன். எச்சரிக்கையும் திரையில் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. படிக்காமல் 'தொடர்க' என்பதை அழுத்தினேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் நிறுவி முடிந்தது. பழைய கணினி ஐம்பது வினாடியில் தொடங்கியது! துள்ளிக் குதித்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "குழுக் கணக்கு எங்கடா?"

டி டிரைவில் இருந்தது. 22 மாதக் கணக்கு. 14 பேர் சேமிப்பு 61,600 ரூபாய்க்கும், கொடுத்த கடன்களுக்கும் ஒரே கணக்கு. அடுத்த வியாழக்கிழமை தணிக்கை.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?" என்று அம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. படிக்க வைத்ததற்கு இதுதானா பலன் என்று தெருவில் யாராவது கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார்?

திங்கட்கிழமை அண்ணன் வந்து போட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பார்த்தார். பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன. எங்கள் கணக்கு அவற்றில் இல்லை. அழிந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகமாம். நானோ முழு இயங்குதளத்தையே அதன் மேல் எழுதியிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அண்ணன் ஒன்று சொன்னார்: டோர்வால்ட்ஸும் 1991-இல் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பித் தன் மினிக்ஸையே கெடுத்துக்கொண்டாராம். அதன் பிறகுதான் தன் சொந்த லினக்ஸுக்கே முழுமையாக மாறினாராம். ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் டிஸ்கில் பதினாலு பேர் பணக் கணக்கு இல்லையே!

308 வரிகள்

வழி சொன்னது அம்மாதான். "கம்ப்யூட்டர் மறந்துட்டா நாங்க மறந்துடுவமா?" என்று எல்லாருடைய பாஸ்புக்கையும் வாங்கிவரச் சொன்னார். செவ்வாய், புதன் இரண்டு இரவும் எங்கள் வாசலில் பதினாலு பேரும் கூடினார்கள். பாஸ்புக்கை ஒருவர் வாசிக்க, அம்மா தீர்மான நோட்டில் சரி பார்க்க, நான் தட்டினேன். 14 பேர், 22 மாதம், 308 வரிகள். நோட்டில் மை அழிந்த இடத்தில் அம்மா நினைவிலிருந்தே சொன்னார்: "ஆடி மாசம் அவ கட்டலடா. பையனுக்குக் காய்ச்சல். ஆவணியில சேத்து நானூறு கட்னா." பாஸ்புக்கில் பார்த்தால் அப்படியே இருக்கும்.

முடித்துவிட்டு, போன மாதம் அச்செடுத்த பழைய பட்டியலோடு ஒவ்வொருவர் மொத்தத்தையும் ஒப்பிட்டேன். பதின்மூன்று பேருக்கு ஒத்துப்போனது. ஒரு பாட்டிக்கு மட்டும் புதுக் கணக்கில் 200 ரூபாய் கூடுதல். எப்படி? மார்கழி மாதம் அவர் கட்டியது பாஸ்புக்கில் இருக்கிறது. பழைய கோப்பில் நான் ஏற்றாமல் விட்டிருக்கிறேன். அந்த மாதம் ரொக்கம் 200 அதிகமாக நின்றபோது, காரணம் தெரியாமல் 'சில்லறை வரவு' என்று எழுதி முடித்திருந்தோம். அழிந்ததால்தான் அது வெளியே வந்தது. பாட்டி கோபிக்கவில்லை. "எழுதறவன் தப்பு பண்ணா, கட்டறவளுக்குத்தான் நஷ்டம் ராஜா" என்று மட்டும் சொன்னார். அந்த வரியை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை தணிக்கை நல்லபடியாக முடிந்தது.

புது வீட்டில் முதல் வாரம்

லினக்ஸில் சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. ஒரே மரம். வேரில் தொடங்கிக் கிளை கிளையாகப் பிரியும். நம் பொருள்கள் எல்லாம் 'ஹோம்' என்ற கிளையில் நம் பெயரில் இருக்கும். பென்டிரைவைச் செருகினால் அதுவும் ஒரு கிளையாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் இரண்டு தனிக் கோப்புகள்! இது தெரியாமல் என் சி நிரலைக் காணோம் என்று அரைமணி நேரம் தேடினேன்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதுதான் எல்லாருக்கும் பயம். பயப்பட ஒன்றுமில்லை. 'எல்எஸ்' என்றால் இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். 'சிடி' என்றால் வேறு இடத்துக்குப் போகும். 'பிடபிள்யூடி' என்று தட்டினால் பொதுப்பணித் துறை வராது. நாம் நிற்கும் இடம் எது என்று சொல்லும். 'மேன்' என்று போட்டுக் கட்டளையின் பெயரைத் தட்டினால் அதன் விளக்கக் கையேடே விரியும். 'ஆர்எம்' மட்டும் ஆபத்து. அது அழித்தால் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. இயங்குதளத்தின் உள் விவகாரத்தில் கை வைக்க வேண்டுமானால் 'சூடோ' என்று தொடங்கிக் கடவுச்சொல் தர வேண்டும். ஸ்டோரில் மைக்ரோமீட்டர் வாங்கப் போர்மேன் கையெழுத்து கேட்பது போல.

குறைகளையும் சொல்ல வேண்டும். நம் துறைக்குத் தேவையான ஆட்டோகேடு லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. ஃப்ரீகேடு, லிப்ரேகேடு என்பவை உண்டு, பழகுவதற்கு நல்லவை. ஆனால் தேர்வுக்கு நான் கல்லூரி லேபில்தான் ஆட்டோகேடு பழகுகிறேன். வேர்டில் செய்த ரெக்கார்டை லிப்ரே ஆபீஸில் திறந்தால் அட்டவணைகள் கொஞ்சம் நகரலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் பிடிஎஃப் ஆக மாற்றிவிடுவது நலம். எல்லாருக்கும் லினக்ஸே சரி என்று நான் சொல்லவில்லை. என் 9,500 ரூபாய் கணினிக்கு அது உயிர் கொடுத்தது, அவ்வளவுதான்.

நண்பர்களுக்கு மூன்று வார்த்தை

ஒன்று: முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் சரியா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள்.

இரண்டு: டிஸ்கில் இருக்கும் எல்லா அறையிலிருந்தும் பிரதி எடுங்கள். ஒரு பிரதி கணினிக்கு வெளியே இருக்கட்டும். எடுத்த பிரதியைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல.

மூன்று: திரையில் வருவதைப் படியுங்கள். ஆங்கிலம் புரியவில்லையா? நிறுத்திவிட்டுப் புரிந்தவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காததால் வந்த வெட்கத்தை நான் பட்டுவிட்டேன்.

அம்மாவும் 'கோப்பு'ம்

தணிக்கை முடிந்த பிறகு கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். எல்லா இடத்திலும் மாறவில்லை. சில இடங்களில் ஆங்கிலமே நிற்கிறது. மொழிபெயர்ப்பது தன்னார்வலர்கள், செய்த வரைக்கும் வரும். ஆனாலும் லிப்ரே ஆபீஸைத் திறந்ததும் மேலே தமிழ்!

அம்மா பின்னால் நின்று எழுத்துக் கூட்டினார். "கோ... கோப்பு. கோப்புன்னா இன்னாடா, தாலுக்கா ஆபீஸ்ல கட்டு கட்டி வச்சிருப்பாங்களே அதா?" "அதேதாம்மா." "அப்ப இதுல எல்லாம் எழுதித்தான் இருக்கா? இத்தினி நாளா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சேனே!"

தோழர்களே, அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதமும் அம்மா கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லியிருக்கிறார். வாசிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்கத் தெரியாதவராக்கியது அந்தத் திரை. நானும் அதைக் கவனித்ததில்லை.

இப்போது தமிழ்99 விசைப்பலகை போட்டுக் கொடுத்திருக்கிறேன். 1999-இல் தமிழக அரசு ஏற்றது. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 'அம்மா' என்று எழுத நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே எழுத்து இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அம்மா ஒற்றை விரலால் தட்டுகிறார். போன மாதக் கணக்கில் ஆறு வரியை அவரே ஏற்றினார். ஏழாவது வரியில் தொகையைத் தவறாக அடித்துவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்துத் தானே திருத்தினார்.

ஏற்றி முடித்ததும் அவர் சொன்னது: "மொதல்ல பென்டிரைவ்ல ஒண்ணு எடுத்து வைடா."

கடைசித் தவணையும் கட்டி முடித்துவிட்டோம். கணினி ஓடுகிறது. உங்கள் வீட்டுப் பரண் மேல் ஒன்று கிடந்தால் தூசி தட்டி இறக்குங்கள் தோழர்களே. சந்தேகம் இருந்தால் ஒர்க்‌ஷாப் வாசலில் என்னைப் பிடியுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அனைவருக்கும் தேர்வில் வெற்றி கிட்ட வாழ்த்துகள்!